கல்லூரி வாசலும் தொழிற்சாலை வாசலும்: ஒரு தொலைத்தொடர்புப் பேராசிரியரின் பணிவாழ்வு

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். காலை வேளையில் இந்தச் சாலையை நிறைப்பவை இரண்டு வகைப் பேருந்துகள். கல்லூரிப் பேருந்துகளில் மாணவர்களும், முன்னிருக்கைகளில் ஆசிரியர்களும் இருப்பார்கள். கம்பெனிப் பேருந்துகளில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்களும் இளம் பொறியாளர்களும் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். முதல் வகை இறக்கிவிடும் இடங்களில் அலைவரிசை, ஆன்டெனா, பண்பேற்றம் எல்லாம் பாடமாக நடக்கின்றன. இரண்டாம் வகை போய்ச் சேரும் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆலைகளில் அவையே பொருளாக உருவெடுத்துப் பெட்டிக்குள் போகின்றன.

இவ்வளவு அருகில் இருந்தும் இந்த இரண்டு உலகங்களும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இங்கே மின்னணு–தொடர்பியல் துறையில், அதாவது எல்லோரும் சொல்லும் இசிஇ-யில், உதவிப் பேராசிரியராகச் சேரும் ஒருவர் மாணவர்களைத் தொழிலகப் பார்வைக்கு அழைத்துச் செல்லும் நாட்களைத் தவிர ஆலை வாசலை மிதிக்காமலே ஓய்வுபெற முடியும். அவர் எப்படி வேலைக்கு வருகிறார், எதனால் உயர்கிறார், எங்கே தேங்குகிறார் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். துறை முன்னேறும் வழி வேறு, ஆசிரியர் முன்னேறும் வழி வேறு என்றாகிவிட்டது. மற்ற குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பிளவிலிருந்து கிளைத்தவை என்பது என் முடிவு.

சிலரின் தொழில் பலரின் தொழிலானது

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1945இல் தொலைத்தொடர்புக்கும் நெடுஞ்சாலைக்கும் படிப்புகளைத் தொடங்கியது. 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்ஐடி, மின்னணுவியலைத் தனிப் படிப்பாகவே கொண்டுவந்தது. எழுத்தாளர் சுஜாதா படித்தது அங்கேதான். அந்தத் தலைமுறைப் பட்டதாரிகள் தபால்–தந்தித் துறை, வானொலி, பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐடிஐ எனப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை போன்ற இடங்களுக்குப் போனார்கள். கற்பிக்க வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலருக்கு ஏதாவது ஓர் அரசு நிறுவனத்தின் ஆய்வகத்தோடு தொடர்பு இருந்தது.

1984இல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தபின் நிலைமை தலைகீழானது. பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியல் கல்லூரி 1985இல் வந்தது. தண்டலத்தில் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி 1997இலும், அதே ஊரில் சவீதா பொறியியல் கல்லூரி 2001இலும் தொடங்கின. நசரத்பேட்டையில் பனிமலர் எழுந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி நிலம் கிடைத்தது, நெடுஞ்சாலை இருந்தது, நகரத்திலிருந்து பேருந்து விட முடிந்தது. கல்லூரி நடத்த இவை போதுமானவையாக இருந்தன. ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இசிஇ இருந்தது. முன்பு மாநிலம் முழுவதும் சில நூறு பேர் பார்த்த வேலைக்கு இப்போது ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். எம்.இ. முடித்த கையோடு வகுப்பறைக்குள் நுழைந்தவர்களால் அந்த இடங்கள் நிரம்பின. ஒரு நாள்கூடக் களத்தில் வேலை பார்த்திராத தொலைத்தொடர்பு ஆசிரியர் என்பது அப்போது வழக்கமாகி, பிறகு இயல்பாகவே ஆகிவிட்டது.

ஏணியின் படிகள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏஐசிடிஇ, 2019இல் வெளியிட்ட விதிகளின்படி ஏணி தெளிவானது. பி.இ., எம்.இ. இரண்டும் இருந்து, ஒன்றிலாவது முதல் வகுப்பு பெற்றவர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 57,700. இணைப் பேராசிரியராக பிஎச்.டி.யும் எட்டாண்டு அனுபவமும் ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். அங்கே அடிப்படை ரூ. 1,31,400. பேராசிரியருக்கு ரூ. 1,44,200. இவை அரசு நிறுவனங்களிலும் வசதியான சில தனியார் நிறுவனங்களிலும் கிடைக்கும் தொகைகள். பல சுயநிதிக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்பவர் கையில் வாங்குவது இதில் பாதியைக்கூட எட்டாது. அதே எம்.இ.யோடு மென்பொருள் நிறுவனத்துக்குப் போன வகுப்புத் தோழர் என்ன வாங்குகிறார் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு ஏன் வருகிறார்கள்? கற்பிக்கும் ஆசை ஒரு பகுதி. மாலையில் வீடு திரும்பலாம், கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கு வரும் என்ற கணக்கு இன்னொரு பகுதி. இசிஇ துறைகளின் ஆசிரியர் அறைகளில் பெண்கள் அதிகம் இருப்பதற்கு இந்தக் கணக்கும் காரணம். இரவு ஷிப்டும் இடமாற்றமும் உள்ள தொழிலகம் அவர்களில் பலரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது. கல்லூரியோ பிஎச்.டி. என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலோர் பகுதிநேரமாகப் பதிவு செய்கிறார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பும் ஆய்வகமும், தேர்வுத் தாள் திருத்தம், என்பிஏ, நாக் தர அங்கீகாரக் கோப்புகள், மாணவர் ஆலோசகர் பொறுப்பு எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் ஆய்வு நடக்கிறது. குழந்தை தூங்கிய பின் மேட்லாப் மென்பொருளில் ஓடவிட்ட சிமுலேஷன் வரைபடங்கள்தான் பல ஆய்வேடுகளின் உடல்.

மேட்லாபைக் குறை சொல்வதற்கில்லை. உலகமே பயன்படுத்தும் கருவி அது. அதற்கு வெளியே போக நேரமும் கருவியும் கூட்டாளியும் இல்லாததே சிக்கல். 2016இல் கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசை வந்தபின் ஸ்கோபஸ் ஆய்விதழ்ப் பட்டியலில் ஏறும் கட்டுரைகளின் எண்ணிக்கை நிர்வாகத்தின் கண்ணும் கருத்துமாகிவிட்டது. “இந்த வருஷம் எத்தனை பேப்பர்?” என்று கேட்கும் துறைத்தலைவர், “எந்தக் கருவியில் அளந்தீங்க?” என்று கேட்பது அரிது.

மைக்ரோவேவ் பெஞ்சின் முன்னால்

இந்தப் பிளவைக் கண்ணால் பார்க்க விரும்புபவர் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் ஆய்வகத்துக்குள் போகலாம். பெரும்பாலான கல்லூரிகளில் இன்னும் ரிஃப்ளெக்ஸ் கிளிஸ்ட்ரான் பெஞ்ச் இருக்கிறது: ஒரு முனையில் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் கிளிஸ்ட்ரான் குழாய், அதைக் குளிர்விக்கச் சின்ன விசிறி, அடுத்து ஐசொலேட்டர், அலைவெண் மானி, அட்டெனுவேட்டர், கடைசியில் டிடெக்டர். எல்லாம் செவ்வக உலோகக் குழாய்களாகத் திருகாணியால் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டிருக்கும். மாணவர் முதலில் விசிறியைப் போட வேண்டும். பீம் வோல்டேஜை மெதுவாக 300 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ரிப்பெல்லர் வோல்டேஜைத் திருக, வெளிவரும் சக்தி கூடிக் குறைந்து மலைமுகடுகள் போல வரைபடத்தில் எழும். ரெக்கார்ட் நோட்டில் கிராஃப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் சோதனை முடிந்தது.

கிளிஸ்ட்ரான் 1937இல் வேரியன் சகோதரர்கள் உருவாக்கியது. அதைக் கற்பது வீண் என்று சொல்லமாட்டேன். அலை ஒரு குழாய்க்குள் எப்படி நிற்கிறது, எதிரொலிக்கிறது என்பதைக் கையால் தொட்டு உணர வைக்கும் கருவி அது. ஆனால் அந்தச் சோதனை முடியும் இடத்தில்தான் ஒரகடத்தில் நெட்வொர்க் கருவி செய்யும் ஆலையின் வேலை தொடங்குகிறது. அங்கே சோதிக்கப்படுவது திண்மநிலைச் சக்திப் பெருக்கிகளும் டஜன்கணக்கான ஆன்டெனாக் கூறுகளும் கொண்ட பலகைகள். சூடேற்றிய அறையில் அவற்றை ஓடவிட்டு, சிக்னலின் தூய்மையைப் பகுப்பாய்வுக் கருவியில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் அளவுத்திருத்தம் செய்வார்கள். அந்த அளவீட்டு வேலைக்கு வெக்டர் நெட்வொர்க் அனலைசர், ஸ்பெக்ட்ரம் அனலைசர் தெரிந்த ஆள் தேவை. பல லட்சம் விலையுள்ள அந்தக் கருவிகளில் ஒன்று துறையில் இருந்தாலே பெரிய விஷயம். பூட்டிவைத்து, ஆய்வுக்குழு வரும்போது மட்டும் திறந்து காட்டும் இடங்களும் உண்டு.

மலிவான மாற்று வழியும் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் குனு ரேடியோ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் சென்னை ரெயின்போ பண்பலையின் 101.4 மெகாஹெர்ட்ஸை மாணவரே தன் மடிக்கணினியில் பிரித்தெடுக்கலாம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் உயரத்தையும் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே போவதைத் திரையில் வரிவரியாகப் பார்க்கலாம். கரும்பலகையில் வெறும் குறியீடாக இருந்த பல்ஸ் பொசிஷன் மாடுலேஷன் தலைக்கு மேல் பறந்துபோவதைப் பார்த்த மாணவர் அந்த அத்தியாயத்தை மறக்கமாட்டார். இப்படியொரு சோதனையை வடிவமைக்க ஆசிரியருக்குப் பல வாரங்கள் ஆகும். பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட கட்டம் மிகச் சிறியது.

துறையை நகர்த்திய ஆசிரியர்கள்

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள மூன்று முயற்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நல்ல தொலைத்தொடர்பு ஆய்வாளர் எப்படி உருவாகிறார் என்பது விளங்கும்.

பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படை அதிகாரி. தில்லி ஐஐடியில் பிஎச்.டி. முடித்து, கடற்படைக்காக ஆப்சோ என்ற சோனார் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். கடலடி ஒலியைப் பல உணரிகளால் கேட்டுப் பிரித்தறிந்த அனுபவம் அவருக்கு இருந்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து, பல ஆன்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல தரவோடைகளை அனுப்பும் மைமோ யோசனைக்கு 1992இல் காப்புரிமை கோரினார். 1994இல் அது கிடைத்தது. யோசனையைக் கட்டுரையோடு விடாமல் ஐயோஸ்பான், பீசீம் என்று நிறுவனங்களைத் தொடங்கிச் சிப்புவரை கொண்டுபோனார். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். இன்று வைஃபையும் 4ஜியும் 5ஜியும் மைமோ இல்லாமல் இல்லை.

இரண்டாவது, ஐஐடி மெட்ராஸின் டெநெட் குழு. அசோக் ஜுன்ஜுன்வாலா, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு 1986இல் ஐஐடிக்கு வந்த பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வஸ் போன்றோர் 1990களில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: ஒரு தொலைபேசி இணைப்புக்கான முதலீட்டைப் பல மடங்கு குறைக்க முடியுமா? முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் நிறுவனம், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் ஆகியவற்றோடு கைகோத்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கினார்கள். என்-லாக் நிறுவனத்தின் வழியே அது கிராமத்து இணையக் கூடங்களுக்குப் போனது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அப்படிப்பட்ட கூடங்கள் இயங்கின. அலைபேசி மலிவானபோது கார்டெக்ட் பின்தங்கியது. ஆனால் அதில் பழகிய கைகள் வீணாகவில்லை. கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஆட்கள் போய்வரும் பழக்கம் வேரூன்றி, 2010இல் தரமணிப் பக்கம் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவாக எழுந்தது.

மூன்றாவது, 5ஜி காலம். இந்தியக் கிராமங்களின் அமைப்பிலிருந்தே ஒரு தொழில்நுட்பக் கோரிக்கை பிறந்தது. கண்ணாடியிழை ஊராட்சித் தலைமையூர் வரை வந்துவிடுகிறது. கோபுரத்தை அங்கே நட்டால் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் சிக்னல் எட்ட வேண்டும். ஆகவே கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் தூரம் இருந்தாலும் 5ஜி வேலை செய்ய வேண்டும் என்று இந்தியத் தரப்பு வாதாடியது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதைத் தேவைகளின் பட்டியலில் சேர்த்தது. ஐஐடி ஹைதராபாத், ஐஐடி மெட்ராஸ், செவிட் ஆய்வு மையம் ஆகியவற்றின் உழைப்பில் விளைந்த 5ஜிஐ என்ற இந்தியத் தரநிலை, 2021இல் அந்த ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்றது; பின்னர் உலகத் தரநிலையான 3ஜிபிபி-யோடு இணைக்கப்பட்டது. 2018இல் ரூ. 224 கோடியில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அதே மாதம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் முதல் 5ஜி அழைப்பு பேசப்பட்டது.

இந்த மூன்றிலும் ஆசிரியர்கள் கட்டுரை எழுதாமல் இல்லை. ஆனால் கட்டுரை அவர்களுடைய வேலையின் துணைவிளைவு. தரநிலைக் கூட்டங்களில் உட்கார்ந்து வாதாடியது, சிப்பு செய்யும் நிறுவனத்தோடு சண்டை போட்டது, களத்தில் கோபுரம் நட்டு அளந்தது ஆகியவையே மையம். செம்பரம்பாக்கத்துக் கல்லூரி ஆசிரியருக்கோ துணைவிளைவை மட்டும் எண்ணிக்கையில் காட்டச் சொல்கிறார்கள்.

ஆலைகள் கேட்டதும் கேட்காததும்

நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உற்பத்தி தொடங்கியபோது சுற்றுவட்டாரத்து இசிஇ துறைகளில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் வேலை பெரும்பாலும் பொருத்துவதும் சோதிப்பதும்தான். வடிவமைப்பு பின்லாந்திலேயே இருந்தது. டிப்ளமா படித்தவர்களும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பேராசிரியரிடம் கேட்க ஆலைக்குக் கேள்வி இருக்கவில்லை. வரித் தகராறும், கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றதும் சேர்ந்து நெருக்க, 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. பிறகு ஃபாக்ஸ்கான் ஐபோன்களோடு வளர்ந்தது. நோக்கியாவின் பழைய வளாகம் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. 2023–24இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 956 கோடி டாலர்.

எண்ணிக்கை பெருகியிருக்கிறது. பேராசிரியரிடம் கேட்கும் கேள்வி பெருகியிருக்கிறதா? கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. ஒரகடத்திலுள்ள நோக்கியாவின் நெட்வொர்க் கருவி ஆலை, 2020இல் மாசிவ் மைமோ கருவிகளின் உற்பத்தியைத் தொடங்கியது. அத்தகைய கருவியின் சோதனைத் தரவைப் புள்ளியியல் முறையில் ஆராய்வது, பழுதின் மூலத்தைக் கண்டுபிடிப்பது, மின்காந்தக் குறுக்கீட்டை அளப்பது போன்றவை கல்லூரி ஆய்வகம் கைகொடுக்கக்கூடிய வேலைகள். ஆனால் ஆலைக்கு ரகசியம் முக்கியம், நாட்கணக்கில் பதில் வேண்டும். கல்லூரியின் காலம் செமஸ்டரில் ஓடுகிறது. இந்த இரண்டு கடிகாரங்களையும் பொருத்திவைக்கும் ஆள் இல்லை. குறுக்கீட்டுச் சோதனை என்றால் தரமணியிலுள்ள சமீர் போன்ற அரசு ஆய்வகத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

சேர்க்கையின் நிழல்

இதற்கெல்லாம் மேலே சேர்க்கை என்ற நிழல் விழுந்திருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் ஆசிரியரின் இருக்கை அவர் துறையில் எத்தனை மாணவர் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆசிரியர்–மாணவர் விகிதத்தை ஏஐசிடிஇ 1:15இலிருந்து 1:20 ஆக மாற்றியபோது பல துறைகளில் ஆட்குறைப்பு நடந்தது. 2024–25 முதல் மாணவர் சேர்க்கைக்கான உச்சவரம்பு தளர்ந்ததும் கணினி அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் வீங்கத் தொடங்கின. இசிஇ-யில் பிஎச்.டி. பெற்றவர் பைத்தான் பாடம் எடுக்கிறார். கோடை விடுமுறையில் பெற்றோர்களுக்குத் தொலைபேசி செய்து சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிறார். ஆன்டெனா ஆராய்ச்சி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது.

இந்த அமைப்பு எவ்வளவு உளுத்திருக்கிறது என்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 353 பேர் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததாக அது குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஏற்றுக்கொண்டு விசாரணையில் இறங்கியது. ஆசிரியரை ஆளாகப் பார்க்காமல் ஆய்வுக்குழுவுக்குக் காட்டும் எண்ணாகப் பார்த்தால் இதுதான் நடக்கும்.

ஏணியை மாற்றுவது

பாதை முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி கல்லூரிகளுக்கும் பொருந்தும். 2023 அக்டோபரில் நாடெங்கும் 100 கல்வி நிறுவனங்களுக்கு 5ஜி பயன்பாட்டு ஆய்வகங்கள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு பாரத் 6ஜி ஆவணம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ திட்டப்படி, துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவர் பிஎச்.டி. இல்லாமலும் கற்பிக்க வரலாம்.

இத்திட்டங்களில் ஒரு பொதுக் குறை: ஆலையிலிருந்து கல்லூரிக்கு ஆள் வர வழி செய்கின்றன, கல்லூரியிலிருந்து ஆலைக்கு ஆசிரியர் போக வழி செய்யவில்லை. பதவி உயர்வு விதிகள் கேட்கும் இரண்டு வாரத் தொழிலகப் பயிற்சி, பெரும்பாலும் சான்றிதழ் வாங்கும் சடங்காக முடிகிறது. செம்பரம்பாக்கம்–ஒரகடம் வட்டாரம் போல அரை மணி நேரப் பயணத்தில் ஆலை உள்ள இடத்திலாவது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு செமஸ்டர் முழுவதும் சோதனைப் பிரிவில் ஆசிரியர் வேலை பார்க்க வழி வேண்டும். அந்தக் காலத்தின் சம்பளத்தைக் கல்லூரியும் ஆலையும் பகிரலாம். அதை இணைப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு கட்டுரைகளுக்கு ஈடாக ஏற்கலாம். பெண் ஆசிரியர்களுக்குப் பகல் ஷிப்டு உறுதி செய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வழியும் பாதிப் பேருக்கு அடைபடும்.

இன்னொன்று, அளவீட்டு ஆய்வகங்களின் பொதுப் பயன்பாடு. தண்டலத்தையும் பென்னலூரையும் நசரத்பேட்டையையும் சேர்ந்த கல்லூரிகள் ஆளுக்கொரு அனலைசர் வாங்கிப் பூட்டிவைப்பதைவிட, சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ரேடியோ அளவீட்டுக் கூடம் அமைத்தால் ஆசிரியரும் மாணவரும் ஆலைப் பொறியாளரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்க நேரும். ஆலைகளுக்கு உதிரி தரும் சிறு தொழில்கள் கட்டணம் கொடுத்துச் சோதனை செய்துகொள்ளலாம். கூடம் தன் செலவில் ஒரு பகுதியை அதிலேயே ஈட்டும்.

மூன்றாவது, தரநிலைப் பணிக்கு மதிப்பெண். இந்தியாவின் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ கல்வி நிறுவனங்களையும் உறுப்பினராக ஏற்கிறது. அங்கே முன்வைத்த ஒரு முன்மொழிவு, ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும், நல்ல இதழில் வந்த கட்டுரைக்குச் சமம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தால் ஆய்வின் திசையே மாறும். 6ஜி-க்கான விதிகள் எழுதப்பட்டுவரும் காலம் இது. எழுதி முடிந்தபின் பாடத்திட்டத்தில் சேர்ப்பது எளிது. எழுதும்போது உட்கார்வதில்தான் துறையின் வாழ்வு இருக்கிறது.

இவை எதுவும் பெரும் பணம் கேட்பவை அல்ல. ஆசிரியரை எதை வைத்து அளப்பது என்ற ஒரே முடிவை மாற்றச் சொல்கின்றன. அந்த முடிவு பல்கலைக்கழகத்தின் கையிலும் ஏஐசிடிஇ-யின் கையிலும் கல்லூரி நிர்வாகங்களின் கையிலும் இருக்கிறது. அவர்கள் அசையும்வரை இந்த வேலைக்கு வரும் இளைஞருக்குச் சொல்ல நேர்மையான அறிவுரை ஒன்றுதான்: முதலில் இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு ஆலையின் சோதனை மேசையில் வேலை பாருங்கள், பிறகு கற்பிக்க வாருங்கள். சம்பளத்தில் இழப்பு இல்லை, பிஎச்.டி.க்கான கேள்வியும் அங்கேயே கிடைத்துவிடக்கூடும்.